அறுபத்தொன்றாவது பல்

எனக்கு எண்ணத் தெரியாது என்பது ஒரு காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்கத் தெரிந்த செய்தி. கொழுந்து நிறுப்பவருக்குத் தெரியும், கோயில் பூசாரிக்குத் தெரியும். லிந்துலைக் கடைத்தெருவில் சவரக்கடைக்காரர்கூட என் கன்னத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, "ஏங்கய்யா, அறுவதுக்குப் பொறவு என்னங்க வரும்?" என்று கேட்பார். கத்தி கன்னத்தில் இருக்கும்போது கோபப்பட முடியாது. "அறுவத்தொண்ணு" என்பேன். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன், கத்தி எடுத்த பிறகு.

அந்த அறுபத்தொன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவந்த கதைதான். ஆனால் சொல்லும்போதெல்லாம் கடைசிப் பகுதியை விழுங்கிவிடுவேன். இந்தத் தடவை விழுங்குவதாக இல்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியும் எங்கள் தோட்டத்துக்கு மின்சாரம் வந்து சேரவில்லை. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். எங்கள் ஸ்டோரை ஓட்டியது ஓர் ஓடை. மலைக்கு மேலே மடை கட்டி, அங்கிருந்து பெரிய இரும்புக் குழாயில் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். அது வந்து டர்பைனில் அறையும். டர்பைன் சுற்ற, ஸ்டோரின் நீளம் முழுக்கக் கூரைக்கடியில் ஓடும் தண்டு சுற்றும். தண்டிலிருந்து தோல் பட்டைகள் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் இழுக்கும்.

ஸ்டோருக்குப் பொறுப்பானவரை டீமேக்கர் என்பார்கள். நான் அவருக்கு உதவியாளன். வேலை கிடைத்ததே என் வாயால்தான். நேர்முகத்தில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, "மெஷின் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டதுதான் தாமதம், ஹட்டனில் பழைய புத்தகம் ஒன்றில் படித்திருந்த பல் சக்கர வித்தைகள் எல்லாவற்றையும் கொட்டத் தொடங்கினேன். பாதியில் அவர் கையை உயர்த்தி வேலையைக் கொடுத்துவிட்டார். என்னை நிறுத்த வேறு வழி அவருக்குத் தெரிந்திருக்காது.

உங்களுக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு சக்கரங்கள் பல்லோடு பல் கோத்தால் ஒன்று வலப்பக்கம் சுற்றும்போது மற்றது இடப்பக்கம் சுற்றும். கலியாணம் ஆனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்னதுக்குப் பதினைந்து பல், பெரியதுக்கு அறுபது பல் என்றால் சின்னது நாலு சுற்று ஓடினால்தான் பெரியது ஒரு சுற்று வரும். வேகம் நாலில் ஒன்றாகும், பலம் நாலு மடங்காகும். நடுவில் மூன்றாவதாக ஒரு சக்கரத்தைச் செருகினாலும் இந்தக் கணக்கு மாறாது. அதற்கு எத்தனை பல் இருந்தாலும் சரி, சுற்றும் பக்கம் மட்டும் மாறும். கலியாணத் தரகர் மாதிரி, இரண்டு வீட்டாரையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டுத் தன் கையிலிருந்து எதுவும் போடாமல் போகிற சக்கரம் அது. இன்னும் மெதுவாக வேண்டுமென்றால் ஒரே தண்டில் ஒரு பெரியதும் ஒரு சின்னதும் மாட்டி, குறைத்ததையே மறுபடி குறைக்கலாம். நாலில் ஒன்று, அந்த ஒன்றிலும் நாலில் ஒன்று, ஆக பதினாறில் ஒன்று. ஒரே அடியில் குறைக்க வேண்டுமா, திருகாணி போல மரை வெட்டிய தண்டு ஒன்றைச் சக்கரத்தின் பல்லில் கடிக்க விடுவார்கள். தண்டு நாற்பது தரம் சுற்றச் சக்கரம் ஒரு தரம் சுற்றும். தண்டு சக்கரத்தைச் சுழற்றலாம், ஆனால் சக்கரம் தண்டைச் சுழற்ற முடியாது. துரைக்கும் எங்களுக்கும் இருந்த உறவு இந்த ரகம்.

ஸ்டோரிலேயே மெதுவான மெஷின், தேயிலையைக் காயவைக்கும் ட்ரையர். மேலே தண்டு நிமிடத்துக்கு நூற்றெண்பது சுற்று ஓடும். மரைத்தண்டு அதை நாலரை ஆக்கும். அப்புறம் பினியன் என்கிற பதினைந்து பல் சின்னச் சக்கரமும் அறுபது பல் சக்கரமும் சேர்ந்து அதை ஒன்றுக்குச் சற்று மேலே கொண்டுவந்து நிறுத்தும். அதற்கப்புறம்தான் தட்டுகள் நகரும். ஈரத்தூள் ஒரு பக்கம் ஏறி, சூட்டுக்குள் ஊர்ந்து, கருந்தூளாக மறுபக்கம் இறங்கும். மலையிலிருந்து விழுந்தடித்து வந்த தண்ணீரின் அவசரம் எல்லாம் அந்த இடத்துக்கு வரும்போது எறும்பு நடையாகியிருக்கும்.

அங்கே தட்டில் தூள் பரப்புகிறவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். அவர் என்னைச் 'சின்ன ஐயா' என்பார். அந்தச் 'சின்ன'வில் கொஞ்சம் கேலி இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவருக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அவரே தூக்கி வளர்த்தவன். தம்பிக்கு வேலை மேலே மடையில். காலையில் மடையைத் திறப்பதற்கு முன்னால் அவன் ஸ்பேனரால் குழாயில் ஒரே ஒரு தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் குழாய் வழியாக இறங்கி வந்து ஸ்டோருக்குள் 'டங்' என்று கேட்கும். தண்ணீர் வருகிறது, மெஷினை விட்டு விலகி நில்லுங்கள் என்று அர்த்தம். உடனே ட்ரையர் பக்கத்திலிருந்து அண்ணன் சத்தமாகச் சொல்வார்:

"வந்துருச்சுடா!"

மேலே நிற்பவனுக்கு அது கேட்டிருக்கவே முடியாது. தூரம் அப்படி. ஸ்டோருக்குள் உட்கார்ந்து காய்ந்த தேயிலையில் காம்பு பொறுக்கும் பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். "ஏண்ணே, இன்னும் கொஞ்சம் ஒரக்கச் சொன்னா நுவரெலியாவுக்கே கேக்குமே!" அவர் சிரிப்பார். மறுநாளும் சொல்வார்.

ஆனி மாத மழையில் ஒரு நாள் மடையின் கம்பிவலையில் சருகு அடைத்துக்கொண்டது. அதை எடுக்க இறங்கிய தம்பியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆற்றோரமாகத் தலவாக்கலை வரைக்கும் தேடினோம். அவன் மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளி மட்டும் ஒரு மரவேரில் சிக்கிக் கிடந்தது. உடம்பு கிடைக்கவில்லை.

மடைக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலும் உடைந்திருந்ததால் ஸ்டோர் சில நாள் நின்றது. மடைக்குப் புதிதாக ஒருவரைப் போட்டார்கள். குழாயில் தட்டும் வேலையே வேண்டாம் என்று துரை அவர் கையில் ஒரு மணியைக் கொடுத்தார். மறுபடி தண்ணீர் விட்ட காலையில் மணி அடித்தது, தண்டு சுற்றியது, ட்ரையர் நகர்ந்தது. வெளியே பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ட்ரையர் அடுப்பின் அனல்.

டங்.

ஒரே ஒரு தட்டு. பட்டைகள் அடித்துக்கொள்ளும் இரைச்சலுக்கு நடுவிலும் துல்லியமாகக் கேட்டது. தூள் அள்ளிய கை அந்தரத்தில் நிற்க, அண்ணன் தலையை நிமிர்த்தினார். பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். அவர் மெல்லச் சொன்னார்:

"வந்துருச்சுடா."

ஒரு நிமிடம் போயிருக்காது, மறுபடியும் டங். மறுபடியும் "வந்துருச்சுடா." அப்புறம் மறுபடியும்.

அன்றைக்கு மாலைவரை இப்படியே போனது, மறுநாளும் அப்படித்தான். முதலில் எனக்கு முதுகில் ஒரு குளிர் ஓடியது. ஆனால் படித்தவன் அல்லவா, அடுப்புப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.

ஸ்டோர் வாசலில் ரோதை முனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். சக்கரங்களுக்கெல்லாம் காவல் அவர். ஒரு கல், அதில் மஞ்சள், பக்கத்தில் ஒரு சூலம். முனிக்குக் குறை வைத்துவிட்டோம் என்று ஆட்கள் கூடிச் சேவல் அறுத்தார்கள். டீமேக்கர் கண்டும் காணாதவர்போல இருந்தார். குழம்பு நன்றாக இருந்தது. எலும்பைக் கடித்துக்கொண்டே, "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று நான் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே ட்ரையர் 'டங்' என்றது. எலும்பு கீழே விழுந்துவிட்டது.

சிரிக்க முடியாத பகுதி அதற்குப் பிறகுதான். அண்ணன் சாப்பாட்டை விட்டுவிட்டார். ரொட்டியை எடுத்து வாயருகே கொண்டுபோவார். டங். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வார். மறுபடி எடுப்பார். டங். ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு யாரால் சாப்பிட முடியும்? கழுத்து எலும்பு தெரியத் தொடங்கியது.

அவருடைய மனைவியை அக்கா என்பேன். மலையில் கொழுந்து எடுக்கிறவர். ஒரு மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை முதுகில் மாட்டியபடியே ஸ்டோர் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"சின்ன ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. யாருகிட்டயும் சொல்லிறாதீங்க."

"சொல்லுங்கக்கா."

"வேல முடிஞ்சு அவரு நேரா லயத்து வீட்டுக்கு வாரதில்லீங்க. மடைக்குப் போறாரு. மொத நா கரையில நின்னாரு. அப்பறம் படியில. நேத்து முட்டிவரைக்கும் தண்ணிக்குள்ள நிக்கிறாரு. கையப் புடிச்சு இழுத்தா, 'இரு, கூப்புடுறான்'ங்கிறாரு." குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இன்னும் ரெண்டு படிதாங்க இருக்கு. நீங்கதானே மெஷினப் பத்தியே பேசுறவரு? அத நிப்பாட்டிக் குடுங்கய்யா."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பேச்சை ஒருவர் உண்மையென்று எடுத்துக்கொண்டிருந்தார்.

கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ட்ரையருக்கு அடியில் நுழைந்தேன். காரணம் சீக்கிரமே அகப்பட்டது. வாய்க்கால் வேலை நடந்த நாட்களில் யாரோ தவறவிட்ட ஆணி ஒன்று பல்லுக்கிடையில் விழுந்து நசுங்கியிருக்கிறது. பினியனின் ஒரு பல்லிலும் பெரிய சக்கரத்தின் ஒரு பல்லிலும் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு மேடு. ஒரு மேடு தனியாக எந்தப் பல்லைத் தொட்டாலும் சத்தமில்லை. மேடும் மேடும் மோதும்போது மட்டும் டங். பதினைந்து பல்லும் அறுபது பல்லும் சரியாகப் பங்கு போகிற கணக்கு. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் ஆயுள் முழுக்க அதே நாலு பல்லைத்தான் சந்திக்கும், ஐந்தாவது பல்லின் முகமே பார்க்காது. ஆகவே அந்த இரண்டு மேடுகளும் பெரிய சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தரம் சந்தித்தே ஆக வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் பேய்.

இரண்டு பல்லிலும் சாக்குக்கட்டியால் வெள்ளை அடித்தேன். அண்ணனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் குந்தவைத்தேன்.

"பாருங்கண்ணே. இந்த வெள்ள வருது. அந்த வெள்ள வருது. ரெண்டும் சேரும்போது கேளுங்க."

வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தன. டங்.

"பாத்தீங்களா?"

"பாத்தேங்க."

இன்னொரு சுற்று பார்த்தோம். இன்னொன்றும். ஒவ்வொரு தடவையும் வெள்ளைகள் கிட்டே வர வர அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் அந்த வெள்ளைகள் வெறும் சாக்குக்கட்டியாகத் தெரியவில்லை. இருட்டில் இரண்டு பேர் முகத்துக்கு முகம் வந்து, ஏதோ சொல்லிவிட்டுப் பிரிகிற மாதிரி இருந்தது. கடைசியில் அவர் எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சரிங்க சின்ன ஐயா. கதவு எதுன்னு கண்டுபுடிச்சிட்டீங்க. தட்டுறது யாரு?"

பல் சக்கரப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் இல்லை.

நான் டீமேக்கரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எல்லோரையும் 'ஐசே' என்று கூப்பிடுவார். வெள்ளைக் கால்சட்டை, கையில் எப்போதும் ருசி பார்க்கும் கரண்டி. விஷயத்தைச் சொன்னதும் அவர் சக்கரத்தைப் பற்றி மட்டும் பேசினார்.

"அரத்தால ராவினால் பல் மெலியும் ஐசே. பிறகு ஒரு நாள் உடைஞ்சு போம். பெரிய சக்கரத்துக்குப் புதுசு ஒண்டு எடுப்பிப்பம். பல்லை எண்ணி எழுதித் தாரும்."

சக்கரத்தின் விளிம்பில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்கினேன். எண்ணெய்ப் பிசுக்கு கோட்டைத் தின்றுவிட்டதை நான் கவனிக்கவில்லை. தொடங்கிய பல்லையே கடைசியில் இன்னொரு தரம் எண்ணினேன். அறுபத்தொன்று. அறுபது என்று அதுவரை நானே கணக்குப் போட்டிருந்ததும், இது பதினைந்தோடு பங்கு போகாத எண் என்பதும் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மிகுந்த தன்னம்பிக்கையோடு எழுதிக் கொடுத்தேன்.

கொழும்பிலிருந்து சக்கரம் ரயிலில் தலவாக்கலைக்கு வந்து, லொறியில் தோட்டத்துக்கு ஏறியது. டீமேக்கர் சாக்கைப் பிரித்துவிட்டுத் தானே எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன ஐசே, உமக்கு எண்ணத் தெரியாதோ?"

பொறுக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோள்கள் குலுங்கியது தெரிந்தது. அன்றைக்கு மாலைக்குள் லயம் முழுக்கப் பரவி, வார இறுதிக்குள் சவரக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

திருப்பி அனுப்பினால் மறுபடி பல நாள் காத்திருக்க வேண்டும். அண்ணனுக்கு அத்தனை நாள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. சக்கரத்தின் தாங்கியைக் கொஞ்சம் தளர்த்தித் தள்ளி வைத்தால் அறுபத்தொன்றும் பொருந்தும், தட்டுகள் அறுபதில் ஒரு பங்கு மெதுவாகப் போகும், தேயிலைக்கு ஒரு குறையும் வராது என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். டீமேக்கர் கரண்டியால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி யோசித்தார்.

"பூட்டும். தூள் கருகினால் உம்மைத்தான் காயப்போடுவன்."

மாட்டினோம். ட்ரையர் நகர்ந்தது. ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது, சத்தமே இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி என் பக்கம் திரும்பி, "எண்ணத் தெரியாட்டியும் மாட்டத் தெரியுதே!" என்றாள். நான் தலைப்பாகை கட்டாத மகாராஜா மாதிரி நடந்தேன்.

அண்ணன் மட்டும் தூள் பரப்புவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் ஆனதும் தூளை அப்படியே போட்டுவிட்டு வெளியே போனார். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் அவர் முதுகு தெரியவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். தேயிலைச் செடிகளுக்கு இடையே குறுக்குப்பாதை. எங்கே காலை வைக்கிறேன் என்றே தெரியாமல் இரண்டு தரம் விழுந்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் முன்னாலிருந்தும் வந்தது, பின்னாலிருந்தும் வந்தது. மடைக்கு வந்து பார்த்தபோது அவர் கடைசிப் படியில், இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கை குழாயின் வாயைத் தடவிக்கொண்டிருந்தது.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"சத்தத்தக் காணமுங்க சின்ன ஐயா." திரும்பாமலே சொன்னார். "அங்க வரல. அதான் இங்க இருக்கானான்னு பாக்க வந்தேன்."

நீந்தத் தெரியாதவன் நான். செருப்போடு இறங்கி அவர் தோளைப் பிடித்தேன். தண்ணீர் எலும்பைக் கடித்தது. இழுத்தேன், அவர் அசையவில்லை. யார் யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்பது எனக்கே சந்தேகமாக இருந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேண்ணே. நிறுத்தியிருக்கக் கூடாது. மேல வாங்க. திரும்ப வர வைக்கிறேன்."

அப்போதுதான் திரும்பினார். உதடு நீலமாயிருந்தது.

"முந்தி மாதிரி வேணாங்க" என்றார், கடையில் சாமான் கேட்கிறவர் போல, மிகச் சாதாரணமாக. "ஓயாம கூப்புட்டா நானும் என்னதான் பண்ணுவேன்? சோறு தண்ணி இல்ல. கொஞ்சம் தள்ளித் தள்ளி வரச் சொல்லுங்க. எப்பவாச்சும் ஒரு தரம். இருக்கேன்னு தெரிஞ்சாப் போதும்."

"சொல்றேண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா. நாளைக்கே."

அவர் ஏறிவந்தார். பின்னால் ஏறும்போது என் செருப்பில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. அது கொத்மலைப் பக்கம் எங்காவது கரை சேர்ந்திருக்கும்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிப் போட்ட கணக்கு என் ஆயுளிலேயே ஒழுங்காகப் போட்ட கணக்கு. பழைய பினியன் அப்படியே இருக்கிறது, அதன் மேடும் இருக்கிறது. புதுச் சக்கரத்தில் ஒரு பல்லில் நானே உளியை வைத்து ஒரு போடு போட்டால் மேடு தயார். அதோடு இப்போது பதினைந்துக்கும் அறுபத்தொன்றுக்கும் பங்கு கிடையாது. ஒரு பல் கூடியதால் ஒவ்வொரு பல்லும் எல்லாப் பல்லையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பழைய பல்லிடம் திரும்பி வரும். மேடும் மேடும் சந்திக்கப் பெரிய சக்கரம் பதினைந்து சுற்றுச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தரம் வந்தது, கால் மணிக்கு ஒரு தரம் வரும். ஒரு மனிதன் ஒரு ரொட்டியைத் தின்று, தேத்தண்ணி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்லலாம். என் அசட்டுத்தனம் செய்து தந்த வேலை அது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஸ்டோருக்குப் போனேன். சுத்தியல், உளி. ட்ரையருக்கு அடியில் நுழைந்து, ஒரு பல்லைத் தேர்ந்து, சாக்குக்கட்டியால் வெள்ளை அடித்து, உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். கொழும்பிலிருந்து வந்த புத்தம்புதுச் சக்கரத்தை உடைக்கச் சுத்தியல் ஓங்கிய உதவியாளன் இந்த மலைநாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஆரது?"

டீமேக்கர். சுத்தியலைச் சட்டைக்குள் விட்டேன், உளியைக் கால்சட்டைக்குள். பிறகு நிமிர்ந்து நடப்பது சிரமமாக இருந்தது.

"எண்ணெய் போட வந்தனான்... வந்தேன் சேர்." பயத்தில் அவர் பாஷையே வாயில் வந்துவிட்டது.

"எண்ணெய்க் குப்பி எங்கை?"

"அதத்தான் தேடுறேன் சேர்."

அவர் நகரவேயில்லை. அங்கேயே நின்று, ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை என்னோடு பேசிக்கொண்டிருந்தார். மணி அடித்தது, ஆட்கள் வந்தார்கள், தண்டு சுற்றியது, எனக்கு இருந்த நேரம் போய்விட்டது. அண்ணன் ட்ரையர் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் சத்தியம் பண்ணியவன் என்பது அந்தத் தலையசைப்பில் இருந்தது.

கால் மணி போனது. ஒன்றுமில்லை. வரவும் வராது, வருவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லையே. அரை மணி. அவர் தூள் பரப்பும் வேகம் குறைந்தது. காலை முழுவதும் போனது. பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. பொறுக்கும் பெண்களில் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள், ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா கொழுந்துக் கூடையோடு வாசலில் வந்து, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் தூள் வாரியைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மடைக்குப் போகும் பக்கத்துக் கதவில் போய்க் கை வைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம், காலைப் பிடித்துவிடலாம், எதையாவது.

டங்.

ஒரே ஒரு தட்டு. பட்டைச் சத்தத்துக்கு நடுவே, துல்லியமாக.

என் கை என்னையறியாமல் சட்டையைத் தொட்டுப் பார்த்தது. சுத்தியல் வயிற்றோடு சில்லென்று ஒட்டிக்கொண்டு இருந்தது. டீமேக்கர் என் கண்முன்னே கோப்பையை உயர்த்தித் தேயிலை ருசி பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய இரண்டு கையும் எனக்குத் தெரிந்தது. பெண்களின் கைகள் எல்லாம் தட்டுகளில். கோப்பை மட்டும் அவர் உதட்டருகே அப்படியே நின்றுபோனது.

அண்ணன் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"வந்துருச்சுடா" என்றார்.

பிறகு திரும்பி வந்து, தூள் மூட்டை மேல் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிடத் தொடங்கினார். ஒரு ரொட்டி, இன்னொரு ரொட்டி. வாசலில் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சாப்பிட்டு முடித்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சொன்ன மாதிரியே சொல்லிட்டீங்க சின்ன ஐயா."

நான் தலையை ஆட்டிவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வராத நாள். மத்தியான வெளிச்சத்தில் ட்ரையருக்கு அடியில் போய், பினியனை மரைத்தண்டின் பிடியிலிருந்து கழற்றிவிட்டு, கையாலேயே சுற்றினேன். அறுபத்தொரு சுற்று. பதினைந்து பல்லும் அறுபத்தொரு பல்லும் தொள்ளாயிரத்துப் பதினைந்து விதமாகச் சந்திக்கும், அதற்குமேல் சந்திப்பே கிடையாது. அந்தத் தடவை எண்ணிக்கையில் நான் தவறவில்லை. தொடங்கிய பல்லில் சாக்குக்கட்டிக்குப் பதில் நூல் கட்டியிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. புதுச் சக்கரத்தின் எல்லாப் பல்லையும் விரலால் தடவினேன். வழவழவென்று, குழந்தைப் பல் மாதிரி. எண்ணெய் மட்டும்தான் ஒட்டியது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், டங்.

என் கணக்குப்படி கால் மணிக்கு ஒரு தரம் அல்ல. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தரம். அவர் ரொட்டியைப் பிரிக்கிற நேரத்துக்கு. அதற்கு என்ன பல் விகிதம் என்று நான் போடாத கணக்கு இல்லை. டீமேக்கரிடம் ஒரு தடவை வாயை விட்டேன். அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, "சக்கரம் ஓடுது, தேயிலை காயுது. உமக்கு வேறை என்ன வேணும்?" என்றார். ஆனால் அந்த நேரத்தில் அவர் ட்ரையர் பக்கம் போகாமல் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அண்ணன் தேறிவிட்டார். மடைக்குப் போவதை விட்டார். கன்னம் உப்பி, பழைய சிரிப்பு திரும்பியது. அக்கா ஒரு நாள் எனக்கு ஒரு ஜோடிப் புதுச் செருப்பு வாங்கி வந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, காலும் வரவில்லை.

கந்தப்பளையில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் ஒன்றுக்கு அவர்கள் இருவரும் போன நாள் வந்தது. ட்ரையரில் வேறு ஒருவர் நின்றார். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க ஸ்டோரில் பேச்சு அடங்கியது. ஆள் இல்லாத நாளில் வராது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

டங்.

பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. அந்த ஒலி பதில் கிடைக்காமல் கூரையிலேயே தொங்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டீமேக்கரும் பார்த்தார். கணக்குத் தெரிந்தவன், மெஷின் படித்தவன், மூடநம்பிக்கையைப் பற்றிச் சொற்பொழிவாற்றியவன்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். சட்டைக் காலரைச் சரிசெய்தேன். ட்ரையரைப் பார்த்து, மேலே மடைக்குக் கேட்கிற மாதிரி உரக்கவே சொன்னேன்:

"வந்துருச்சுடா."